342 ராத்திரி: பி.பி. கிங்கின் ஊரில் ஐந்து நாள்

அக்டோபர் 10, 2024, வியாழன் – மெம்ஃபிஸ், அமெரிக்கா

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மெம்ஃபிஸுக்கு வந்துவிட்டு எல்விஸ் வீட்டைப் பார்க்காமல் இருக்கிறாயே என்று கொலுவுக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டார்கள். எல்விஸ் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நான் வந்தது வேறு ஆளுக்காக: பி.பி. கிங், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் கிட்டார் வாசித்துப் பாடியவர்.

மதுரையில் 11 வருடம் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவன் நான். இப்போது வங்கியில் உட்கார்ந்திருக்கிறேன், அது வேறு கதை. அந்தக் காலத்தில் எங்கள் கீபோர்டுக்காரர் ஒரு கேசட் கொடுத்தார், மேலே பேனாவில் 'கிங்' என்று மட்டும் எழுதியிருந்தது. 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் தியேட்டரில் பதிவான கச்சேரி அது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் ஐம்பது ஸ்வரத்தில் மூச்சு முட்டச் சொல்வதை இந்த ஆள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, இழுத்து, அசைத்து முடித்துவிடுகிறார். கூட்டமும் கத்துகிறது.

சாயங்காலம் மச்சானும் நானும் பீல் தெருவுக்குப் போனோம். நியான் விளக்கு, ப்ளாஸ்டிக் வாளி மாதிரி டம்ளரில் பீர், கடைக்குக் கடை வாசலில் ஸ்பீக்கர். ஒரு பையன் தெரு நடுவில் வரிசையாகப் பல்டி அடித்துக்கொண்டே போய் மறுமுனையில் வாளியை நீட்டினான். இரண்டு டாலர் போட்டேன். மச்சான் புரட்டாசி விரதம், அதனால் அவருக்கு முட்டைக்கோஸ் சாலடும் உருளை வறுவலும். எனக்கு மசாலா தடவிச் சுட்ட பன்றி விலா, டிப்ஸோடு 29 டாலர். மதுரையில் ஒரு ராத்திரி வாசிச்சு நான் வாங்கிய சம்பளத்தை மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

யூனியன் அவென்யூவில் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியின் பெயர்ப்பலகையைத்தான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது. 1947-ல் தொடங்கிய நிலையம். முதலாளிகள் வெள்ளைக்காரர்கள். வியாபாரம் ஓடாமல்போய், அடுத்த வருடம் கறுப்பினத்து அறிவிப்பாளரைக் கொண்டுவந்து, அப்புறம் முழுக்கவே கறுப்பின மக்களுக்கான நிலையமாக மாறியது. அமெரிக்காவில் அதுதான் முதல். அங்கேதான் ரைலி கிங் என்ற 23 வயதுப் பையனுக்கு தினமும் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெப்டிகான் என்று ஒரு டானிக், அதற்கு விளம்பரப் பாட்டுப் பாட வேண்டும். சம்பளம் கிடையாது, ஆனால் இன்றைக்கு ராத்திரி எங்கே வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெஸ்ட் மெம்ஃபிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ராத்திரிக்கு 12 டாலர் கிடைத்தது. 'பீல் தெரு ப்ளூஸ் பையன்' என்று வானொலியில் வைத்த பெயர் சுருங்கி 'ப்ளூஸ் பாய்' ஆகி, கடைசியில் வெறும் 'பி.பி.' ஆனது.

ஒரு டானிக் விளம்பரத்தில் தொடங்கிய பெயர். பலகைக்குக் கீழே நின்று ஃபோட்டோ எடுத்தேன். மச்சான் எடுத்ததில் பலகை இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி – நெடுஞ்சாலை 61, க்ளார்க்ஸ்டேல்

இன்றைக்கு ஆயுத பூஜை. கார் கழுவி, பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். மருமகனின் கிட்டாருக்கும் ஒரு பொட்டு. அக்கா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தாள். அந்த முறுக்கு பிறகு உதவியது, சொல்கிறேன்.

மெம்ஃபிஸைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் மேடு என்பதே கிடையாது, பாயை விரித்த மாதிரி நிலம். மிசிசிப்பி டெல்டா என்பது இதுதான். இரண்டு பக்கமும் பருத்தி. அறுவடை நேரம், வயலோரத்தில் பெரிய பெரிய உருளைகளாக ப்ளாஸ்டிக் சுற்றிப் பருத்தியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரோட்டோரப் புல்லெல்லாம் பஞ்சு. ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை, தூரத்தில் ஒரு இயந்திரம் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அக்டோபரில் இந்த வெயிலா என்றேன். மச்சான், உங்க ஊர் கத்திரிக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்றார். அவரும் அதே ஊர்தான்.

டுனிகா பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். காலன் 2.70 டாலர் சொச்சம். அங்கே நின்ற பெரியவர் ஒருவர் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பொட்டு எதற்கு என்று கேட்டார். வருடத்தில் ஒரு நாள் சோறு போடும் கருவிகளுக்கு நன்றி சொல்லுவோம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டிராக்டருக்கும் உண்டா?" என்றார். கிராமத்தில் டிராக்டருக்குத்தான் முதல் பொட்டு என்றேன். தொடையைத் தட்டிச் சிரித்தார். 40 வருடம் டிராக்டர் ஓட்டினாராம், அதற்கு ஒரு நாளும் நன்றி சொல்லத் தோன்றவில்லையாம்.

கருவிக்குப் பெயர் வைத்த கதை இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான். அர்கன்சாஸில் ட்விஸ்ட் என்று ஒரு சிற்றூர், 1949 குளிர்காலம். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. குளிருக்கு ஒரு பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி நடுவில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சண்டை போட்டு அதைத் தள்ளிவிட, கட்டிடம் பற்றிக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், கிங்கும் ஓடினார். வெளியே வந்த பிறகுதான் 30 டாலர் கிட்டார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போய் எடுத்துவந்தார். இரண்டு பேர் அந்தத் தீயில் செத்தார்கள். சண்டை ஒரு பெண்ணுக்காக, அவள் பெயர் லூசில் என்று மறுநாள் கேள்விப்பட்டு அந்தப் பெயரையே கிட்டாருக்கு வைத்தார். இனிமேல் இப்படி முட்டாள்தனம் பண்ணக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்காகவாம். அதற்கப்புறம் வாசித்த கிட்டார் ஒவ்வொன்றும் லூசில்தான்.

க்ளார்க்ஸ்டேலில் 61-ம் 49-ம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் நாற்சந்திதான், ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ்காரர் சாத்தானிடம் ஆத்மாவை விற்று கிட்டார் கற்றார் என்ற கதைக்குச் சொல்லும் இடம். ஒரு கம்பத்தில் நீல நிறத்தில் பெரிய கிட்டார்கள், சுற்றிலும் கடைகள், சிக்னல், ஹார்ன். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார் மச்சான். பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

ஆனால் பழைய ரயில் சரக்கு நிலையத்தில் இருக்கும் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் நன்றாக இருந்தது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் குடியிருந்த மரவீட்டை ஸ்டோவால் பண்ணையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அவர் 1943-ல் சிகாகோவுக்கு ரயிலேறியவர். ஊருக்குக் கொஞ்சம் வெளியே ஹாப்சன் பண்ணை, 1944-ல் நடவிலிருந்து எடுப்பு வரை முழுக்க இயந்திரத்தாலேயே ஒரு பருத்தி விளைச்சலை முடித்துக் காட்டிய இடம். பாட்டுக்காரர்கள் எல்லாம் ஏன் வடக்கே போனார்கள் என்பதற்கு சாத்தான் கதையைவிட அந்த இயந்திரம் நல்ல பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் ஹாட் டமாலே. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி, நூல் கட்டி, காரத் தண்ணீரிலேயே வேகவைக்கிறார்கள். ஆறு 9 டாலர், உப்பு பிஸ்கட்டோடு. கொழுக்கட்டையை மிளகாய்க் குழம்பில் போட்ட மாதிரி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. மச்சானுக்கு பெட்ரோல் பங்க்கில் வாங்கிய வேகவைத்த கடலை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முழுப் பையையும் காலி பண்ணினார்.

ராத்திரி ஒரு சின்ன ஆட்டக்கூடம், நுழைவு 10 டாலர், கேன் பீர் 4. வாசித்த பெரியவரின் கிட்டாரில் ஒரு முறுக்காணியின் தலை உடைந்துபோயிருந்தது. பாட்டுக்குப் பாட்டு, சட்டைப்பையிலிருந்து கட்டிங் ப்ளேயரை எடுத்துத் திருகி ஸ்ருதி சேர்த்தார். கடைசிப் பாட்டில் நடுவிலேயே எடுத்துத் திருகினார், தாளம் ஒரு இழைகூடத் தவறவில்லை. நான் போய் கை கொடுத்தேன். மதுரையிலிருந்து வருகிறேன் என்றதும், "அது ஜாக்சனுக்குத் தெற்கேயா?" என்று கேட்டார். ஜாக்சன் இந்த மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர்.

அப்புறம்தான் வினை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெலினாவில் ப்ளூஸ் திருவிழா, சுற்றுவட்டாரத்தில் அறையே கிடையாது. நாங்கள் முன்பதிவு செய்த விடுதியில், பெயர் வேண்டாம், எங்கள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மிகவும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டார்கள். நள்ளிரவில் 40 நிமிடம் ஓட்டிப் போய், சிகரெட் நாற்றமடிக்கும் ஒரு அறைக்கு 165 டாலர் கொடுத்துப் படுத்தோம்.

அக்டோபர் 12, சனி – இண்டியனோலா

தூக்கம் சரியில்லை, இடுப்பு வலி. கிங் 1956-ல் மட்டும் 342 ராத்திரி வாசித்தார், ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஊர். இரண்டாவது நாளே எனக்கு இப்படி.

49 மேற்குச் சாலையில் இறங்கினோம். பார்ச்மன் சிறையைத் தாண்டினோம். முள்வேலி, நடுவில் வயல், வண்டியை நிறுத்தத் தோன்றவில்லை. கிங்கின் அம்மா வழி உறவான புக்கா ஒயிட் இங்கே கைதியாக இருந்தவர். கண்ணாடிக் குழாயையோ இரும்புக் குழாயையோ விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பதில் பெரிய ஆள். கிங்குக்கு அது கடைசிவரை கைவரவில்லை. அந்தச் சத்தத்தை வெறும் விரலாலேயே கொண்டுவர முயன்றார், அதிலிருந்து பிறந்ததுதான் அந்த அசைவு. ஆள்காட்டி விரல் மட்டும் கம்பியில், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டுவிடும், மற்ற விரல்கள் விரிந்து மொத்தக் கையும் வண்ணத்துப்பூச்சி மாதிரி படபடக்கும். நம் ஊரில் வீணைக்காரர்கள் கம்பியை இழுத்து கமகம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை. ஆனால் அவர் அதை ஸ்வரத்தின் கடைசியில், மூச்சு விடுகிற இடத்தில் செய்கிறார். நான் வருடக்கணக்காக முயன்று பார்த்தேன், குளிரில் நடுங்குகிறவன் வாசித்த மாதிரிதான் வந்தது.

இண்டியனோலாவில் அவருடைய அருங்காட்சியகம் 2008-ல் திறந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி பழைய செங்கல் பருத்தி ஜின்னிங் ஆலை, 1940-களில் கிங்கே அதில் வேலை செய்திருக்கிறார். கூலிக்கு வேலை பார்த்த ஆலை வாசலில் இன்று அவர் பெயர். காலை பத்துக்கு உள்ளே போனவன் இரண்டரைக்குத்தான் வெளியே வந்தேன். மச்சான் பாதியிலேயே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

எனக்குப் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1943-ல் இந்த ஊருக்கு வந்து ஒரு பண்ணையில் டிராக்டர் டிரைவர் ஆனார். விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கு விவசாயம் பார்த்து வருடக் கடைசியில் முதலாளி கணக்கைப் பார்த்து வாயடைத்து நிற்பவர்கள் நடுவில் டிராக்டர் டிரைவர் என்பது பெரிய உத்தியோகம். 1946-ல் ஒரு சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டு எஞ்சினை நிறுத்தியிருக்கிறார், அணைத்த எஞ்சின் ஒரு தடவை உதறி முன்னால் பாய்ந்து, புகைக்குழாய் மோதி முறிந்துவிட்டது. முதலாளிக்குப் பயந்து, கிட்டாரும் இரண்டரை டாலருமாக மெம்ஃபிஸுக்கு ஓடிவிட்டார். புக்கா ஒயிட்டோடு பத்து மாதம் தங்கினார். கதையாக எழுதுகிறவன் என்றால் அங்கிருந்தே அவரை நட்சத்திரமாக்கியிருப்பான். நடந்தது அப்படியில்லை, அவர் திரும்பி வந்தார். முதலாளியிடம் தப்பை ஒத்துக்கொண்டு, மறுபடி டிராக்டர் ஓட்டி, உடைத்ததற்கான கடனை அடைத்து முடித்துவிட்டு, 1948 கடைசியில்தான் மறுபடி மெம்ஃபிஸுக்குப் போனார். வங்கியில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, நாற்சந்திச் சாத்தான் கதையைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

உள்ளே இருப்பதையெல்லாம் எழுதினால் முடியாது. முதல் பெரிய வெற்றி 1951-ல் மெம்ஃபிஸ் ஒய்.எம்.சி.ஏ. அறை ஒன்றில் பதிவான 'த்ரீ ஓ க்ளாக் ப்ளூஸ்'. அதன் பிறகு 15 வருடம் போல கறுப்பினத்தவர் அரங்குகளுக்குள்ளேயே சுற்றினார். 60-களில் இளைஞர்கள் ப்ளூஸை அப்பா காலத்துச் சங்கதி என்று ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்குக்குப் போனால் வாசலில் நீளமுடி வெள்ளைக்காரப் பையன்கள். மேனேஜர் தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்தாராம். மேடையேறியதும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டியதில் அழுதுவிட்டார். 1969 கடைசியில் 'தி த்ரில் இஸ் கான்' வந்தது, ராய் ஹாக்கின்ஸ் 1951-ல் பாடிய பழைய பாட்டு, பின்னால் வயலின்கள் சேர்த்தது. கிராமி கிடைத்தது. மொத்தம் 15 கிராமி, 2006-ல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம். 1970-ல் சிகாகோ குக் கவுண்டி சிறையில் கைதிகளுக்காக வாசித்த கச்சேரி என் லிஸ்டில் ரீகலுக்கு அடுத்தது.

கிட்டார் பெட்டி முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். உடம்பு காலியான கிட்டாரில் சத்தம் கூட்டினால் ஊளையிடும், எங்கள் குழுவில் மைக்செட்காரரோடு இதற்காகவே எத்தனை சண்டை. கிங் அந்த எஃப் வடிவத் துளைகளுக்குள் துணியைத் திணித்து வைத்திருப்பார். 1980-ல் கிப்சன் நிறுவனம் லூசில் மாடல் செய்தபோது துளையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அப்புறம் ஒரு விஷயம், அவருக்கு கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கவிடுவது, வாசிக்க வராது. பாடும்போது வாசிக்கவும் மாட்டார், பாடி நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆர்கெஸ்ட்ராவில் கார்டு தப்பினால் சம்பளத்தில் பிடித்த ஆளை நான் அறிவேன்.

15 குழந்தைகள், இரண்டு கல்யாணமும் முறிந்தது. ராத்திரி ராத்திரியாக ரோட்டில் இருப்பவனுக்கு வீடு எங்கே என்று பலகையில் நாசூக்காக எழுதியிருந்தார்கள். என் மனைவி இதைப் படித்திருந்தால் நாசூக்காகச் சொல்லியிருக்க மாட்டாள்.

சமாதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 2015 மே 14-ல் லாஸ் வேகாஸில் இறந்தார், 89 வயது, பல வருடம் சர்க்கரை நோய். இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தள்ளி நின்று இரண்டு பேர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். அதனாலேயே சீக்கிரம் நகர்ந்துவிட்டோம்.

சாப்பாட்டுக் கடையில் மச்சானுக்குச் சோதனை. புரட்டாசி சனிக்கிழமை வேறு. காய்கறித் தட்டு என்று போட்டிருந்தது, கீரை, பீன்ஸ், சோள ரொட்டி. பாதி சாப்பிட்ட பிறகு கீரையில் ஏதோ நார் மாதிரி வர, பரிமாறிய அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அது கறி இல்லை பேபி, ருசிக்குக் கொஞ்சம் பன்றி, அவ்வளவுதான்" என்றார். 60 வயது மச்சானை பேபி என்று கூப்பிட்டதில் அவர் கோபப்படக்கூட மறந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா பதறிப்போய் ஒரு பெரிய துண்டு பீச் பை கொண்டுவந்து வைத்தார், காசு வாங்கவில்லை. நான் சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன் சாப்பிட்டேன், 14 டாலர். இந்த வட்டாரத்தில் பருத்தி வயலுக்கு நடுவே குளம் வெட்டிக் கெளுத்தி வளர்க்கிறார்கள். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய்.

பிறகு சர்ச் தெருவும் இரண்டாம் தெருவும் சேரும் முனைக்குப் போனோம். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஊர் டவுனுக்கு வரும். கிங் இந்த முனையில் உட்கார்ந்து வாசிப்பார். பக்திப் பாட்டு கேட்டவர்கள் தலையைத் தடவி, நன்றாக இருப்பாய் தம்பி என்று வாழ்த்திவிட்டுப் போவார்களாம். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போட்டார்களாம். தான் ப்ளூஸுக்கு வந்த காரணத்தை அவர் இப்படித்தான் சொல்வார். நடைபாதை சிமெண்டில் அவர் கைத்தடம் பதிந்திருக்கிறது. என் இடது கையை வைத்துப் பார்த்தேன், அவர் விரல் தடிமனுக்கு என் விரல் இரண்டு வேண்டும்.

இதே ஊரில்தான் 1954 ஜூலையில், பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று தீர்ப்பு வந்த கையோடு, அதை எதிர்க்க வெள்ளையர் கவுன்சில் என்ற அமைப்பு முதன்முதலில் தொடங்கப்பட்டது. பிரமுகர்களும் வியாபாரிகளும் சேர்ந்தது. 1962-ல் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பின உரிமைப் போராளி வாக்காளராகப் பதிய வந்து திருப்பி அனுப்பப்பட்டதும் இந்த ஊர் நீதிமன்றத்தில்தான். கிங் இதையெல்லாம் தெரிந்தே ஒவ்வொரு வருடமும் இங்கே வந்து பூங்காவில் இலவசமாக வாசித்தார். நானாக இருந்தால் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. க்ளப் எபனியை வெளியிலிருந்து பார்த்தோம். இரண்டாவது மாமியார் நடத்திய அரங்கு, 2008-ல் இவரே விலைக்கு வாங்கி அருங்காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு – பெர்க்ளேர்

பிறந்த இடத்தைப் பார்க்காமல் போகக்கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்தின் விலை ஒரு டயர்.

82-ம் சாலையில் கிழக்கே இட்டா பெனாவுக்குக் கொஞ்சம் முன்னால் பெர்க்ளேர். ஃபோன் வழி காட்டுவதை நம்பிச் சரளைக்கல் ரோட்டில் திரும்பினோம். இரண்டு மைல் போனதும் ஃபோனில் சிக்னல் போய்விட்டது, நாலாவது மைலில் வலது பின்சக்கரம். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கியின் கைப்பிடியைக் காணோம், கொலு சாமான் ஏற்றுவதற்காக டிக்கியைக் காலி செய்தபோது அக்கா கராஜில் வைத்துவிட்டாளாம். சுற்றிலும் பருத்தி, சத்தமே இல்லை. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இருபது நிமிடம் கழித்து ஒரு பழைய பிக்கப் வந்தது. முழு சூட், பளபளக்கும் ஷூ, சர்ச்சிலிருந்து வருகிற பெரியவர். ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி, உட்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, சந்தனப் பொட்டில் படாமல் பானட்டில் வைத்தார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். 15 நிமிடத்தில் சக்கரம் மாட்டியாகிவிட்டது, என்னைத் தொடவே விடவில்லை. மச்சான் 40 டாலரை நீட்டினார். அவர் அதைப் பார்க்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டே, எங்கே போகிறீர்கள் என்றார். சொன்னதும், "நீங்கள் தாண்டி வந்துவிட்டீர்கள்" என்று சிரித்துவிட்டு, என் பின்னால் வாருங்கள் என்று முன்னே ஓட்டினார்.

அங்கே ஒரு நீலப் பலகை இருக்கிறது, மிசிசிப்பி முழுக்க ப்ளூஸ் இடங்களில் வைத்திருக்கும் பலகை. மற்றபடி ஓடை, வயல், வெயில். 1925 செப்டம்பர் 16-ல் அவர் பிறந்த குடிசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆல்பர்ட், நோரா எல்லா என்ற இருவர் வாரத்துக்குப் பருத்தி போட்ட நிலம். நாலு வயதில் அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு கிழக்கே கில்மைக்கேல் மலைப்பக்கம் போய்விட்டாள். பார்க்க ஒன்றுமே இல்லை என்று மச்சான் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வயலோரம் இறங்கி ஒரு பருத்திக் காயைக் கிள்ளி விதையைப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், சின்ன வயசில் விருதுநகர் பக்கம் செய்த மாதிரி.

பெரியவருக்குக் காசு வேண்டாம் என்றால் முறுக்காவது எடுத்துக்கொள்ளட்டும் என்று டப்பாவை நீட்டினேன். ஒன்றை உடைத்து வாயில் போட்டு நிதானமாக மென்றார். "நல்லா இருக்கு. கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்" என்றார். டப்பாவோடு வாங்கிக்கொண்டார்.

ராத்திரி க்ரீன்வுட்டில் தங்கல், 98 டாலர், சுத்தமான அறை.

அக்டோபர் 14, திங்கள் – கில்மைக்கேல், மெம்ஃபிஸ்

காலையில் கொஞ்சம் குளிர் காற்று. க்ரீன்வுட்டைத் தாண்டியதும் தட்டை நிலம் முடிந்து குன்றும் மரமுமாக ஆகிவிடுகிறது. கில்மைக்கேல் சின்ன ஊர், அரை மணி நேரம்தான் இருந்தோம். அம்மா இவர் பத்து வயதைத் தொடும் முன்பே இறந்தாள், 1940-ல் பாட்டியும் போய்விட்டாள். 14 வயதுப் பையன் குடிசையில் தனியாக இருந்து மாடு கறந்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான். சர்ச்சில் கிட்டார் வாசித்துப் பிரசங்கம் செய்யும் பாதிரியாரைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. வேலை கொடுத்தவர் 15 டாலருக்கு ஒரு சிவப்பு கிட்டார் வாங்கிக் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். என் முதல் கிட்டாரும் தவணைதான், மதுரை டவுன்ஹால் ரோட்டில் மாதம் 150 ரூபாய்.

ரோட்டோரக் கடையில் கிரிட்ஸ் சாப்பிட்டோம், வெள்ளைச் சோள ரவைக் கஞ்சி. மச்சான் அதில் பன்றி இல்லை என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, ஊறுகாய் டப்பாவில் கடைசியாக மிஞ்சியதைக் கொட்டிக் கலந்து சாப்பிட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர் அது என்னவென்று கேட்டு வாங்கி அவரும் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஐ-55 பிடித்து நேரே வடக்கே. வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் காரைத்தான் பார்த்தாள், ஜாக்கிக் கைப்பிடியைப் பற்றி மச்சானும் அவளும் பேசிக்கொண்டதை விட்டுவிடுகிறேன். பின்டயர் புதிது 140 டாலர், என் பங்கு பாதி. வண்டியெல்லாம் டெல்டா புழுதி. பானட்டில் காய்ந்துபோன சந்தனத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை. மச்சான் ஹோஸைத் திறந்துவிட்டு அடித்தார், குங்குமம் போய்விட்டது. பஞ்சை மட்டும் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.